‘க்வைட் குட்’ (quite good) என்று பையர் எழுதினால் என்ன பொருள்? ரொம்ப நல்லாவா, சுமாராவா?

நொய்யல்கரை (திருப்பூர்), திங்கள் காலை 9.40

வணக்கமுங்க. பனியன் கம்பெனியில் ஆறு வருடமாக மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக்காரர்களோடு, அதாவது பையர்களோடு, பேசி வேலையை முடித்துக்கொடுப்பது என் பொறுப்பு. முதல் ஐந்து வருடம் அமெரிக்க பையர்கள் மட்டும்தான். போன வருடம்தான் லண்டனில் இருந்து ஒரு பையர் வந்தார். இப்போது அவருக்குப் போவது பெண்கள் டிசர்ட், 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்) சிங்கிள் ஜெர்சி, கழுத்துக்கு ரிப் பட்டை. ஃபிட் சாம்பிள், அதாவது அளவு பார்க்கத் தைத்த மாதிரி, அனுப்பி ஐந்தாம் நாள் மெயில் வந்தது. முதல் வரி: ‘தி ஃபிட் இஸ் க்வைட் குட்.’ அதற்குக் கீழே, கழுத்தைப் பற்றி அடுத்த வாரம் பேசலாம் என்று இன்னொரு வரி.

நான் முதல் வரியைத்தான் மனதில் வாங்கினேன். அமெரிக்க பையர்கள் இதே இரண்டு வார்த்தையை எழுதினால் அதற்குப் பிறகு எதையும் மாற்றச் சொன்னதில்லை. “ஃபிட் ரொம்பப் பிடிச்சிருக்குதுன்னு சொல்லிட்டாங்க” என்று முதலாளியிடம் சொன்னேன். துணி காம்பாக்டிங் (சுருக்கத்தைக் குறைக்கும் வேலை) முடிந்து வந்திருந்தது, கட்டிங் டேபிளும் காலியாக இருந்தது. ஆரம்பித்துவிட்டார்கள்.

அடுத்த புதன்கிழமை போன் வந்தது. முன் கழுத்து ஒரு சென்டிமீட்டர் இறங்க வேண்டும் என்றார். அதற்குள் 1,400 பீஸ் வெட்டி, நம்பர் ஒட்டி, பண்டில் கட்டி அடுக்கியாகிவிட்டது. கட்டிங் மாஸ்டர் எதுவும் சொல்லவில்லை. ஒரு பண்டிலை அவிழ்த்து மேல் பீஸை எடுத்து, கழுத்து வளைவில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். முதலாளி மட்டும் கேட்டார்: “நெம்ப நல்லா இருக்குதுன்னாங்கன்னு சொன்னியே கண்ணு?”

அகராதியில் ‘க்வைட்’ என்ற சொல்லைப் பார்த்தேன். ‘முழுக்க’ என்றும் போட்டிருக்கிறது, ‘ஓரளவு’ என்றும் போட்டிருக்கிறது. ஒரே சொல்லுக்கு இரண்டும் எப்படிப் பொருளாகும்? எது எப்போது என்று எப்படித் தெரிந்துகொள்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவிநாசி ரோடு (கோவை), திங்கள் 10.15

‘மிகவும்’ என்றுதான் எங்களுக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். வெரி, க்வைட் இரண்டும் ஒன்றுதான். பையர்தான் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

கோபி டீச்சர் (கோபிசெட்டிபாளையம்), திங்கள் 11.30

நொய்யல்கரை, மனசை விட்டுவிடாதே அம்முணி. இந்தச் சொல்லில் தடுக்கி விழுந்தவர்கள் நிறையப் பேர். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

அவிநாசி ரோடு தம்பி, இரண்டும் ஒன்று என்பது சரியில்லை. வெரி எங்கே நின்றாலும் ஒரே வேலைதான் செய்யும். க்வைட் அப்படியில்லை. தனக்கு அடுத்து நிற்கும் சொல்லைப் பார்த்துத்தான் அது பொருள் கொள்ளும்.

எங்கள் தோட்டத்துக் கிணற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆழம்’ என்ற சொல்லுக்குப் படி உண்டு. கொஞ்சம் ஆழம், நெம்ப ஆழம், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றைவிட ஆழம் என்றெல்லாம் சொல்லலாம். ‘காலி’ என்ற சொல்லுக்குப் படி கிடையாது. சொட்டுத் தண்ணீர் இல்லை என்றால் காலி, இருந்தால் காலி இல்லை. ‘க்வைட் டீப்’ என்றால் ஓரளவு நல்ல ஆழம். ‘க்வைட் எம்ப்டி’ என்றால் முழுக்கக் காலி. சொல் ஒன்றுதான். பக்கத்தில் நிற்பது மாறியதால் பொருள் மாறிவிட்டது.

என் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக்கொடுப்பேன். அடுத்து வரும் சொல்லைத் தமிழில் யோசித்து, முன்னால் ‘நெம்ப’ போட்டுப் பார். பொருந்தினால் க்வைட் என்பது ஓரளவு. பொருந்தாவிட்டால் முழுக்க. நெம்பச் சூடு, பொருந்துகிறது. நெம்பச் செத்துப்போச்சு, பொருந்தவில்லை. அதனால் ‘க்வைட் ஹாட்’ ஓரளவு சூடு, ‘க்வைட் டெட்’ முழுக்கச் செத்தது. இம்பாஸிபிள், பெர்ஃபெக்ட், யுனீக் எல்லாம் இந்த இரண்டாவது கூட்டம்.

உன் பையர் எழுதியது ‘குட்’. நெம்ப நல்லா இருக்குது என்று சொல்லலாம் அல்லவா? அதனால் அது முதல் கூட்டம். லண்டன்காரர் கையில் அது ‘நல்லா இருக்குது, ஆனால் முழுசாக இல்லை’ என்றுதான் பொருள்படும்.

தறிச்சத்தம் (சோமனூர்), திங்கள் பிற்பகல் 1.05

டீச்சர், ஒரு சந்தேகம். “நெம்பச் சரிங்க” என்று நாம் தினமும் சொல்கிறோம். உங்கள் சோதனைப்படி ‘க்வைட் ரைட்’ என்பது ‘ஓரளவு சரி’ என்று ஆகிவிடும். ஆனால் வெள்ளைக்காரர் ‘க்வைட் ரைட்’ என்றால் முழுக்கச் சரி என்றுதானே ஒத்துக்கொள்கிறார்?

கோபி டீச்சர், திங்கள் 1.50

நல்ல கேள்வி, தறிச்சத்தம் தம்பி. சோதனையில் ஓட்டை இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். நாம் ‘நெம்பச் சரி’ என்னும்போது அளவைச் சொல்வதில்லை, ஆமோதிக்கிறோம். அதனால் சோதனையை மாற்றிக்கொள்வோம்: ‘விட’ போட்டுப் பாருங்கள். அந்தக் கிணற்றைவிட ஆழம், வரும். அந்தக் கிணற்றைவிடக் காலி, வராது. அந்தக் கணக்கைவிடச் சரி, வராது. ‘நெம்ப’ ஏமாற்றும் இடத்திலும் ‘விட’ பெரும்பாலும் கைகொடுக்கும்.

இரண்டு சொல்லை மட்டும் அப்படியே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ‘க்வைட் டிஃபரென்ட்’ பெரும்பாலும் முற்றிலும் வேறு. ‘க்வைட் சிமிலர்’ ஓரளவு ஒரே மாதிரி.

வினையோடு வரும்போதும் பார்க்க வேண்டும். ‘ஐ க்வைட் அக்ரீ’ முழுக்க ஒத்துக்கொள்கிறேன். ‘ஐ க்வைட் லைக் இட்’ என்று பிரிட்டன்காரர் சொன்னால் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். உயிரை விடுமளவுக்கு இல்லை.

ரிலீஸ் நைட் (சரவணம்பட்டி), திங்கள் இரவு 10.20

ஐடி கம்பெனியில் அமெரிக்கா, பிரிட்டன் இரண்டு பக்கத்து ஆட்களோடும் வேலை பார்க்கிறேன். டீச்சர் சொன்ன முதல் கூட்டத்தில்தான் நாடும் உள்ளே வருகிறது. ‘க்வைட் எம்ப்டி’ இரண்டு பக்கமும் பெரும்பாலும் முழுக்கக் காலிதான். ‘க்வைட் குட்’ அமெரிக்கரிடம் ஏறும், பிரிட்டன்காரரிடம் இறங்கும். அமெரிக்கருக்கு அது ‘வெரி குட்’டுக்குப் பக்கத்தில். பிரிட்டனில் வெறும் ‘குட்’டைவிடக்கூட ஒரு படி கீழே நிற்கலாம்.

நொய்யல்கரை அக்கா ஐந்து வருடம் அமெரிக்கர்களோடு பழகி அவர்கள் அளவுகோலைக் கையில் வைத்திருந்தார். அதைக் கொண்டு லண்டன் மெயிலை அளந்துவிட்டார். இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். ஐந்து வருட அனுபவம் அவரை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

எனக்கும் நடந்தது. நான் எழுதிய டிசைன் குறிப்பைப் பார்த்துவிட்டு பிரிட்டன் பக்கத்து லீட் ‘க்வைட் இன்ட்ரஸ்டிங்’ என்றார். அன்று முழுக்க சந்தோஷமாக இருந்தேன். அடுத்த கூட்டத்தில் அவர் என் முறையை எடுத்துக்கொள்ளவே இல்லை. அவருக்கு மனக்கசப்பு எதுவும் இல்லை, அன்றைக்கே சொல்லிவிட்டதாகத்தான் நினைத்திருக்கிறார்.

நன்னூல் வாசகன் (பெருந்துறை), செவ்வாய் காலை 6.30

‘முழுக்க’, ‘ஓரளவு’ இரண்டும் ஒரே சொல்லுக்கு எப்படி வந்தது என்று முதல் பதிவில் கேட்டிருந்தார்கள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

க்வைட், க்விட், ‘அமைதி’ என்ற பொருள் தரும் க்வயட், மூன்றும் ஒரே வேர். லத்தீனில் ‘க்வியேட்டுஸ்’ என்றால் ஓய்வில் இருப்பது, தொல்லை தீர்ந்தது. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது கடனோ கடமையோ தீர்ந்து விடுபட்ட நிலையைக் குறித்தது. நம் மொழியில் சொன்னால், பாக்கி இல்லாமல் கணக்குத் தீர்ந்தது. பாக்கி இல்லாமல் என்றால் முழுக்க. 14ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பொருளில் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘ஓரளவு’ என்ற பொருள் மிகவும் பிந்தியது, 19ஆம் நூற்றாண்டில் பரவியது. பழையது போகவில்லை, புதியது பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

‘நாட் க்வைட்’ என்பதில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘நாட் க்வைட் ரெடி’ என்றால் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்று பொருள். எப்போது பார்த்தாலும் எனக்கு வியப்பாக இருக்கும்.

அளவைச் சொல்லும் சொற்கள் எல்லா மொழியிலும் இப்படித் தேயும். நம் ‘ரொம்ப’வே ‘நிரம்ப’ என்பதிலிருந்து வந்ததுதான். நம் பக்கத்து ‘நெம்ப’வும் அதே சொல்தான், அதன் வாயில் பழைய ஒலி இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடம் நிரம்பினால்தான் நிரம்ப. இன்று அரைக் குடத்தையும் “நெம்ப இருக்குது” என்கிறோம். ஆங்கில ‘வெரி’ ஒரு காலத்தில் ‘உண்மையான’ என்று பொருள்பட்டது. “நெசமாலுமே நல்லா இருக்குது” என்கிறோமே, அதே வழிதான். ‘ஆஃபுலி குட்’ என்பதும் நாம் ‘பயங்கரமா நல்லா இருக்குது’ என்பதும் ஒரே அச்சு. அச்சத்தைக் குறித்த சொல் அளவைக் குறிக்க வந்துவிட்டது.

பவணந்தி முனிவர் எங்கள் ஊருக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று இந்தப் பக்கம் சொல்வார்கள். மிகுதியைக் குறிக்க அவர் நன்னூலில் ஆறு சொற்களை அடுக்குகிறார்: சால, உறு, தவ, நனி, கூர், கழி. உறுபசி, கழிபேருவகை என்று எழுத்தில் சில இருக்கின்றன. பேச்சில் இன்று எதுவும் இல்லை. ஆனால் கோவைப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் போய்க் கேளுங்கள், “சாலா பாகுந்தி” என்பார்கள். நம் இலக்கணத்தில் முதலில் நிற்கும் ‘சால’ பக்கத்து வீட்டில் அன்றாடச் சொல்லாக இருக்கிறது. என் பையனுக்கு இதைச் சொன்னபோது அவனுக்கு வந்த மகிழ்ச்சியை மறக்க முடியாது.

காங்கயத்து அக்கா (காங்கயம்), செவ்வாய் 11.00

நான் ஆங்கிலம் அதிகம் படிக்கவில்லை. ஆனால் இந்த வித்தியாசம் நம் வாயிலேயே இருக்கிறது என்று தோன்றுகிறது.

போன தை மாதம் எங்கள் அண்ணன் மகள் கல்யாணம். இணைச்சீர் முடிந்து பந்தி போட்டார்கள். சாப்பிட்டு வந்த சின்னம்மா இருவரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூத்தவர் கையைத் துடைத்துக்கொண்டே, “சாப்பாடு நல்லாத்தான் இருக்குது” என்றார். அந்தத் ‘தான்’ காதில் விழுந்ததுமே சமையல்கட்டுக்குப் போய்விட்டேன். ஒப்புட்டில் வெல்லம் குறைவு. இளையவர், “அரிசிம்பருப்பு நல்லாவே இருக்குதுடி” என்றார். அந்த ‘ஏ’ வந்தால் எதிர்பார்த்ததற்கு மேலே என்று பொருள், இன்னொரு கரண்டி கேட்பார் என்று பொருள்.

லண்டன்காரர் ‘க்வைட்’ நம் ‘தான்’. அமெரிக்காக்காரர் ‘க்வைட்’ நம் ‘ஏ’. அப்படிப் பார்த்தால் சரியாக வருகிறதா, டீச்சர்?

கோபி டீச்சர், செவ்வாய் 12.10

அக்கா, இத்தனை வருடத்தில் இப்படி எனக்குத் தோன்றவே இல்லை. இனி யாருக்குச் சொன்னாலும் ‘நல்லாத்தான்’, ‘நல்லாவே’ என்றுதான் ஆரம்பிப்பேன்.

தறிச்சத்தம், செவ்வாய் 12.40

எனக்கு ஒரு சின்ன இடறல் மட்டும். “நல்லாத்தான் இருக்குது” என்றால் நம் பக்கம் குறை சொல்கிறார்கள் என்று முடிவே செய்துவிடலாம். பிரிட்டன்காரர் ‘க்வைட் குட்’ எப்போதும் குறையா? என் மாப்பிள்ளை லீட்ஸில் இருக்கிறார். மனசாரப் பாராட்டியும் அங்கே அப்படிச் சொல்வார்கள் என்கிறார்.

கோபி டீச்சர், செவ்வாய் 1.30

உங்கள் மாப்பிள்ளை சொல்வதும் உண்மை. அங்கே குரல் வேலை செய்கிறது. ‘க்வைட்’ மேல் அழுத்தம் விழுந்தால் ‘நல்லாத்தான்’, பின்னால் ஒரு ‘ஆனால்’ காத்திருக்கிறது. ‘குட்’ மேல் விழுந்தால் நல்லாவே இருக்குது என்ற பக்கம் சாயும். நாமும் “பரவாயில்லையே!” என்று புருவத்தைத் தூக்கிச் சொன்னால் பாராட்டு, “ம்ம், பரவால்ல” என்று இழுத்தால் வேறு. மெயிலில் குரல் இல்லை. அதனால்தான் அடுத்த வரி முக்கியம். நொய்யல்கரை மெயிலில் அடுத்த வரி கழுத்து. ‘ஆனால்’ என்ற சொல்லை எழுதாமலே எழுதிவிட்டார் அந்த பையர்.

இன்னும் இரண்டு இடம் இருக்கிறது, விட மனமில்லை. ‘க்வைட் எ ஃப்யூ’ என்றால் கொஞ்சம் என்று நினைத்துவிடாதீர்கள். நிறையவே என்று பொருள். ‘க்வைட் எ ஃப்யூ பீசஸ் ஆர் டேமேஜ்ட்’ என்று மெயில் வந்தால் உடனே செக்கிங்குக்குப் போங்கள். அப்புறம், ‘நாட் க்வைட் ஷ்யூர்’ என்பதை நம் ஆட்கள் பலர் ‘க்வைட் நாட் ஷ்யூர்’ என்று எழுதுகிறார்கள். அது வேண்டாம், ‘நாட்’ முன்னால்தான் வர வேண்டும்.

லைட் பாக்ஸ் (திருப்பூர்), செவ்வாய் இரவு 8.45

இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். தங்கச்சிக்கு வேலையில் உதவும் விஷயத்தைச் சொல்கிறேன்.

லேப் டிப்பில், அதாவது சாயத்தின் நிறம் பார்க்க அனுப்பும் சின்ன மாதிரித் துணியில்தான், இந்தச் சொல் அதிகம் வரும். ஏ, பி, சி என்று மூன்று ஷேட் அனுப்புவோம். பகல் வெளிச்சம் மாதிரியான டி65 விளக்கில் மூன்றும் ஒன்றாகத் தெரியும், டிஎல்84 விளக்கைப் போட்டால் ஒன்று சிவப்படிக்கும். பிரிட்டன் பையர்கள் பலர் டிஎல்84-இல் பார்ப்பார்கள், அது அங்கே கடைகளில் இருந்த வெளிச்சம். ஒரு தடவை கமெண்ட் வந்தது: ‘பி இஸ் க்வைட் க்ளோஸ்.’ டையிங்கில் இருந்த பையன் பி-யை வைத்து 400 கிலோ துணியைப் போட்டுவிடலாமா என்று போன் செய்தான். நான் பையரிடம் ஒரே கேள்வி கேட்டு எழுதினேன்: பி அப்ரூவ்டா, ரீசப்மிட்டா (மறுபடி அனுப்ப வேண்டுமா)? ரீசப்மிட் என்று பதில் வந்தது. அன்றைக்கு அந்த ஒரு வரியில் 400 கிலோ தப்பித்தது.

‘நாட் க்வைட் தேர்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம். நன்னூல் வாசகன் சொன்ன மாதிரி கொஞ்சம் பாக்கி, அவ்வளவுதான். திசை சரி. ‘க்வைட் ராங்’ என்று வந்தால்தான் முதலில் இருந்து.

நாம் எழுதும் மெயிலில் இந்தச் சொல்லையே தவிர்த்துவிடுங்கள். ‘க்வாலிட்டி இஸ் க்வைட் குட்’ என்று நம் பையன்கள் பெருமையாக எழுதுவார்கள். லண்டனில் படிக்கிறவருக்கு, இவர்களே சுமார் என்று ஒத்துக்கொள்கிறார்கள் என்று தோன்றும். வெரி குட் என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் சுருக்கம் எத்தனை சதவீதம், ஜிஎஸ்எம் எவ்வளவு என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். எண்ணுக்கு லண்டன், நியூயார்க் வித்தியாசம் கிடையாது.

அந்த 1,400 பீஸ் என்ன ஆயிற்று? கழுத்து இறங்கத்தானே சொன்னார்கள், ஏறவில்லையே? ரிப் வெட்டியாகிவிட்டதா?

அவிநாசி ரோடு, செவ்வாய் இரவு 9.10

நேற்று நான் சொன்னது தவறு. இரண்டு நாளில் இவ்வளவு கற்றுக்கொண்டேன். எல்லோருக்கும் நன்றி.

நொய்யல்கரை, வியாழன் மாலை 6.20

எல்லோருக்கும் பதில் எழுத இரண்டு நாள் ஆகிவிட்டது. லைட் பாக்ஸ் அண்ணா, ரிப் வெட்டவில்லை. நீங்கள் கேட்ட கேள்வியைத்தான் மாஸ்டரும் செவ்வாய்க்கிழமை காலையிலேயே கேட்டார். இறங்க வேண்டியது முன் கழுத்து மட்டும் என்பதால் பின் பீஸைத் தொட வேண்டியதில்லை. சைஸுக்கு ஒன்றாகக் கெட்டி அட்டையில் புதிய கழுத்து வளைவை வெட்டினார். பண்டிலை அவிழ்த்து, முன் பீஸ்களைப் பத்துப் பத்தாக அடுக்கி, தோள் முனையைச் சேர்த்துப் பிடித்து, அட்டையை வைத்து சாக்பீஸால் கோடு போட்டுக் கத்தரித்தோம். நானும் புதன்கிழமை முழுக்க அந்த டேபிளில்தான் நின்றேன். ஒரு சென்டிமீட்டர் பிறைபிறையாகத் துணி கீழே விழுந்தது. கழுத்துச் சுற்றளவு கூடுவதால் ரிப் நீளத்தையும் கூட்டிக் குறித்தாகிவிட்டது. நம்பர் ஸ்டிக்கர் போன 11 முன் பீஸை மட்டும் ஒதுக்கினோம்.

நடந்ததை மறைக்காமல் பையருக்கு எழுதினேன். உங்கள் ‘க்வைட் குட்’டை நான் ‘வெரி குட்’ என்று எடுத்துக்கொண்டேன், இனி ஒவ்வொரு கமெண்டிலும் அப்ரூவ்டா இல்லையா என்று தனியாகக் கேட்பேன் என்று சொன்னேன். நேற்று இரவு பதில் வந்தது: ‘ஐ க்வைட் அண்டர்ஸ்டாண்ட்.’ டீச்சர், ‘ஐ க்வைட் அக்ரீ’ பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முழுக்கப் புரிகிறது என்றுதானே பொருள்? அதற்கு அடுத்த வரியையும் இந்தத் தடவை படித்தேன். கமெண்ட் ஷீட்டில் அப்ரூவ்ட், ரீசப்மிட் என்று இரண்டு கட்டம் சேர்த்து அனுப்புகிறாராம்.

கோபி டீச்சர், வியாழன் மாலை 6.45

முழுக்கப் புரிகிறது என்றுதான் அம்முணி. சந்தேகமே வேண்டாம்.

நொய்யல்கரை, வியாழன் மாலை 7.05

நன்றிங்க டீச்சர். காங்கயத்து அக்கா, ‘நல்லாத்தான்’, ‘நல்லாவே’ இரண்டையும் எங்கள் ஆபீஸ் போர்டில் எழுதிப் போட்டிருக்கிறோம். புதிய கழுத்தோடு பிபி சாம்பிள் (உற்பத்திக்கு முந்தைய மாதிரி) நாளைக்குக் கூரியரில் போகிறது. அப்ரூவ்ட் கட்டத்தில் டிக் வரும்வரை ஒரு பண்டில்கூடத் தைக்கப் பவர்டேபிளுக்கு ஏறாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.